கூடவே வைத்துக்கொள்ள ஒரே ஒரு மல்டிடூல் என்றால் எது?

கேள்வி: ஜனவரி 6, 2024

அண்ணா, நெட்வொர்க் கேபிள் போடும் வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். ஏணி ஏறும்போதெல்லாம் டூல் பையையும் தூக்கிக்கொண்டு ஏற முடியவில்லை. கத்தி, குறடு, ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் ஒன்றுக்குள் மடங்கி இருக்கும் மல்டிடூல் ஒன்று இடுப்பில் இருந்தால் பாதி வேலை அதிலேயே முடியும் என்கிறார்கள். லெதர்மேன் கம்பெனியின் வேவ் பிளஸ் வாங்கலாம் என்று இருக்கிறேன். 18 கருவிகள் இருக்கிறதாம். அதைவிட நல்லது ஏதாவது உண்டா?

ஜனவரி 6, இரவு

பதினெட்டு என்ற எண்ணைப் பார்த்து வாங்காதே, தம்பி. பிளேயரின், அதாவது குறடின், மூக்கு ஒன்று, அதன் அடிப்பகுதி ஒன்று, வயர் வெட்டும் வாய் ஒன்று, கெட்டிக் கம்பி வெட்டும் வாய் இன்னொன்று, கிரிம்பர் வேறு என்று தனித்தனியாக எண்ணித்தான் அந்தக் கணக்கு வருகிறது. கைப்பிடியில் பொறித்திருக்கும் அளவுகோடு கூட அதில் ஒரு கருவி. எல்லா கம்பெனியும் இப்படித்தான் எண்ணுகிறது. எண்ணிக்கையை வைத்து இரண்டு மாடல்களை ஒப்பிட்டால் ஒன்றும் புரியாது.

வேவ் நல்ல கருவி, அதில் சந்தேகமில்லை. நானே பழைய வேவ் ஒன்றைப் பல வருடமாக இடுப்பில் வைத்திருக்கிறேன். ஆனால் பத்தாயிரத்துக்கு மேல் போடப் போகிறாய். அதற்கு முன் ஒரு வேலை செய். போன வாரம் ஏணியிலிருந்து எதற்காகவெல்லாம் கீழே இறங்கினாய் என்று யோசித்து எழுது.

ஜனவரி 7

நேற்று அவசரத்தில் முடித்துவிட்டேன். என் பக்கத்துக் கணக்கைச் சொல்கிறேன். மதுரையில் சிசிடிவி, நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். என் கை அதிகம் தேடுவது இவற்றைத்தான்: கேபிள் டையின் வாலை நறுக்க, கேபிள் மேலுறையைக் கீற, கேமராவுக்குக் கரண்ட் கொடுக்கும் டிசி பின்னின் குட்டி ஸ்க்ரூவைத் திருக, ஜங்ஷன் பாக்ஸ் மூடியின் ஸ்டார் (பிளஸ் தலை) ஸ்க்ரூவைக் கழற்ற, சுவரில் யாரோ விட்டுப்போன ஆணியைப் பிடுங்க. ஆணியைத் தவிர மற்ற எதற்கும் பிளேயர் தேவையில்லை.

கேட் 6 எனும் நெட்வொர்க் கேபிளை உரிப்பதையே எடுத்துக்கொள். கத்தியை வைத்து வட்டமாக அறுத்தால் உள்ளே இருக்கும் எட்டு வயர்களில் ஒன்றாவது காயப்படும். அன்றைக்கு நெட் வரும், ஒரு மாதம் கழித்துப் போன் வரும். மேலுறையில் லேசாக ஒரு கீறல் போட்டு, கீறிய இடத்தில் கேபிளை வளைக்க வேண்டும். உறை தானாகப் பிளந்துகொள்ளும். உள்ளே ஒரு நூல் இருந்தால் அதைப் பிடித்து இழுத்தால் மிச்சமும் கிழியும். அப்புறம் நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் சிலுவையை ஒட்ட நறுக்கி, எட்டையும் வரிசைப்படுத்தி, ஒரே வெட்டில் சமமாக நறுக்க வேண்டும். அந்த ஒரு வெட்டுக்கு நல்ல கத்திரிக்கோல் போல எதுவும் வராது. பிளேயரின் வெட்டு வாய் நுனியை நசுக்கிவிடும்.

இன்னொன்று: மல்டிடூலில் 'கிரிம்பர்' என்று போட்டிருப்பதைப் பார்த்து நெட்வொர்க் கேபிள் முனையில் மாட்டும் ஆர்ஜே 45 பிளக்கை அடிக்கலாம் என்று நினைத்துவிடாதே. அது வயர் முனையில் லக் எனும் உலோக முனையை வைத்து நசுக்குவதற்கு. ஆர்ஜே 45 கிரிம்பிங் டூலை எப்படியும் தனியாகத்தான் தூக்க வேண்டும்.

ஜனவரி 7, மறுபடியும்

டிசி பின் பற்றிச் சொல்ல விட்டுப்போனது. பச்சைக் கட்டையில் இரண்டு மைனஸ் ஸ்க்ரூ இருக்குமே, அதற்கு வேவின் சின்ன டிரைவர் பொருந்தும். மூக்குக்கண்ணாடி ஸ்க்ரூ திருகுகிற மாதிரி மெல்லிய பிட், ஒரு முனை மைனஸ், மறுமுனை ஸ்டார். முனையை மாற்ற வேண்டுமானால் பிட்டைக் கழற்றித் திருப்பிச் செருக வேண்டும். அதை ஏணியில் நின்றுகொண்டு செய்யாதே. விழுந்தால் கிடைக்காது. மைனஸ் முனை வெளியே இருக்கும்படி கீழேயே செருகிக்கொண்டு ஏறு.

ஜனவரி 9

வீட்டில் சுவிட்ச் மாற்ற இது போதுமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அந்த இடத்துக் கரண்டை நிறுத்திவிட்டுச் செய்தால் இது போதும். கரண்ட் இருக்கும்போது மல்டிடூலை வயர் பக்கமே கொண்டுபோகக் கூடாது. கைப்பிடி முழுக்க வெறும் எஃகு. எலக்ட்ரீசியன் கட்டிங் பிளேயரில் இருக்கிற பிளாஸ்டிக் உறை இதில் கிடையாது. 230 வோல்ட் நேராகக் கைக்கு வரும்.

அந்த சுவிட்சுக்குக் கரண்ட் போகும் எம்சிபியை (போர்டில் இருக்கும் சின்ன பிரேக்கர்) இறக்கு. டெஸ்டரை முதலில் கரண்ட் இருக்கிற வேறொரு பாயின்ட்டில் வைத்து விளக்கு எரிகிறதா என்று பார். எரிந்தால்தான் டெஸ்டர் வேலை செய்கிறது என்று அர்த்தம். அப்புறம் வேலை செய்யப்போகிற இடத்தில் வைத்துப் பார். நம் ஊர்ச் சட்டைப் பையில் பேனாவோடு செருகியிருக்கும் டெஸ்டரை எந்த மல்டிடூலும் ஈடுகட்டாது. இரண்டும் வேண்டும்.

ஜனவரி 18

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். கரும்பு சீவ, பனங்கிழங்கு நார் உரிக்க, பார்சல் கயிறு வெட்ட எல்லாவற்றுக்கும் விக்டோரினாக்ஸ் சுவிஸ் கத்தி ஒன்றுதான் கையில் இருந்தது. இரண்டாம் நாள் பெரிய கத்தி திறக்கவே இல்லை. கரும்புச் சாறு கீலுக்குள் போய்க் காய்ந்து இறுகியிருந்தது. இதற்கு எண்ணெய் விட்டுப் பிரயோசனமில்லை, சர்க்கரை எண்ணெயில் கரையாது. வெந்நீரில் போட்டு, எல்லாக் கருவிகளையும் திறந்து மூடி, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாக உலர்த்திய பிறகுதான் ஒவ்வொரு கீலுக்கும் ஒரு சொட்டு எண்ணெய்.

பலாப்பழம் என்றால் நேர்மாறு. பலாப்பால் தண்ணீரில் போகாது. வெட்டுவதற்கு முன்பே கத்தியில் தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும், வெட்டி முடித்ததும் மறுபடி எண்ணெய் போட்டுத் துடைக்க வேண்டும். ஆனால் தேங்காய் எண்ணெயைக் கீலில் விட்டுவைக்காதே, நாளாக ஆகப் பிசின் ஆகிவிடும். கீலுக்குத் தையல் மிஷின் எண்ணெய்.

ஜனவரி 19

"எவர்சில்வர்தானே, ஏன் துருப்பிடிக்கிறது?" என்று கேட்கிறவர்களுக்கு. கத்தி கூர் நிற்க வேண்டுமானால் எஃகைக் கடினப்படுத்த வேண்டும், அதற்குக் கார்பன் வேண்டும். கார்பன் கூடும்போது துருவைத் தாங்கும் சக்தி கொஞ்சம் குறையும். லெதர்மேன் பயன்படுத்தும் 420 எச்சி எஃகும் அப்படித்தான். கடலோர ஊர்க்காரர்கள், வேர்வை அதிகம் வருகிறவர்கள், மாங்காய் நறுக்குகிறவர்கள் வேலை முடிந்த கையோடு துடைத்துவிட வேண்டும். தோல் உறையில் ஈரத்தோடு போட்டு இரவு முழுக்க வைத்தால் காலையில் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

விக்டோரினாக்ஸ் கத்தி கொஞ்சம் மென்மையான எஃகு, எஃகின் கடினத்தை அளக்கும் ராக்வெல் கணக்கில் 56 அளவில். சீக்கிரம் மழுங்கும், ஆனால் பீங்கான் கோப்பையின் அடியில் சொரசொரப்பாக ஒரு வளையம் இருக்குமே, அதில் நாலு தடவை இழுத்தாலே கூர் திரும்பிவிடும். தினம் பயன்படுத்துகிறவனுக்கு நான் இதைத்தான் விரும்புவேன்.

பிப்ரவரி 4

தம்பி பட்டியல் அனுப்பியிருக்கிறான். கேபிள் டை, கேபிள் உறை, ஸ்டார் ஸ்க்ரூ, நெட்வொர்க் கருவிகள் மாட்டும் ராக்கில் இறுகிப்போன நட்டு, அட்டைப்பெட்டி. நட்டையும் அட்டைப்பெட்டியையும் தவிர என் பட்டியலேதான். "அப்போ பிளேயரே வேண்டாமா அண்ணா?" என்று கேட்கிறான்.

பிளேயர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்தக் கருவியும் யாரோ ஒருவருடைய தொல்லையிலிருந்து பிறந்தது, அது என்ன தொல்லை என்று பார்த்தால் தேர்வு சுலபமாகும். டிம் லெதர்மேன் 1975-இல் மனைவியோடு ஒரு பழைய ஃபியட் காரில் ஐரோப்பா, மேற்கு ஆசியா என்று சுற்றினார். கார் அடிக்கடி மக்கர், தங்கிய மலிவு விடுதிகளில் குழாய்கள் ஒழுகல். கையில் இருந்த மடக்குக் கத்தியில் எல்லாம் இருந்தது, பிளேயர் மட்டும் இல்லை. அதனால் அவர் பிளேயரை நடுவில் வைத்து, மற்றதையெல்லாம் அதன் கைப்பிடிக்குள் மடக்கினார். பேடன்ட் கிடைத்தது 1980-இல், முதல் கருவி விற்பனைக்கு வந்தது 1983-இல். இடைப்பட்ட காலமெல்லாம் வாங்க ஆள் தேடுவதிலேயே போனது.

சுவிஸ் கத்தியின் கதை வேறு. 1889 மாடல் துப்பாக்கியைப் பிரித்துச் சுத்தம் செய்ய சிப்பாய்க்கு ஸ்க்ரூ டிரைவர் வேண்டியிருந்தது, தகர டப்பா உணவைத் திறக்க ஓப்பனர் வேண்டியிருந்தது. ராணுவம் கேட்ட கத்தியில் ஒரு கத்தி, ஒரு ஊசி, ஒரு ஓப்பனர், ஒரு ஸ்க்ரூ டிரைவர். சுவிட்சர்லாந்தின் இபாக்கில் பட்டறை வைத்திருந்த, விக்டோரினாக்ஸைத் தொடங்கிய கார்ல் எல்சனர் 1891-இல் அதைச் செய்து கொடுக்கத் தொடங்கினார். அங்கே பிளேயருக்கு வேலையே இல்லை.

உன் தொல்லை எது, ஒழுகும் குழாயா, திருக வேண்டிய ஸ்க்ரூவா?

பிப்ரவரி 5

என் பதில்: கேபிள் வேலைக்காரனுக்கு இரண்டும் வரும். அதனால் பிளேயர் உள்ளதுதான், ஆனால் அதில் கத்திரிக்கோல் கட்டாயம் இருக்க வேண்டும். இந்த ஒரு நிபந்தனையிலேயே லெதர்மேனின் ஸ்கெலிடூல் அடிபட்டுப் போகிறது. 142 கிராம்தான், அழகு, பாக்கெட்டில் இருப்பதே தெரியாது. ஆனால் கத்திரிக்கோலும் இல்லை, அரமும் இல்லை.

மிஞ்சுவது மூன்று. வேவ் பிளஸ். விக்டோரினாக்ஸ் சுவிஸ்டூல் ஸ்பிரிட். லெதர்மேன் ஃப்ரீ பி 2 அல்லது பி 4.

வேவில் கத்திகள் வெளிப்பக்கம். பெருவிரலால் தள்ளினால் ஒரு கையிலேயே திறக்கும். கத்திரிக்கோலோ உள்ளே. பிளேயரை விரித்து, நகத்தால் இழுத்து, கைப்பிடியை மறுபடி மடக்கினால்தான் கத்திரிக்கோல் கைக்கு வரும். இரண்டு கை தேவை. ஒரு கையில் கேமராவைப் பிடித்துக்கொண்டு ஏணியில் நிற்கிறவனுக்கு இது சின்ன விஷயமில்லை. 2019-இல் வந்த ஃப்ரீ வரிசை இதைத்தான் சரிசெய்தது. கைப்பிடிகளைக் காந்தம் பிடித்திருக்கும், எல்லாக் கருவிகளும் வெளியிலிருந்தே ஒரு கையில் திறக்கும், எல்லாம் லாக் ஆகும். ஸ்பிரிட்டும் வெளியிலிருந்தே திறக்கும், ஆனால் நகத்தால் இழுக்க வேண்டும். ஈரக் கையில் கஷ்டம். மற்றபடி அதன் வேலைப்பாடு மூன்றிலும் மேல், விளிம்பு எங்கும் உள்ளங்கையைக் குத்தாது.

பிப்ரவரி 11

எடையைப் பற்றி இன்னும் பேசவில்லை. வேவ் பிளஸ் 241 கிராம். சட்டைப் பையில் போட்டால் சட்டை ஒரு பக்கம் இழுக்கும், பேன்ட் பையில் போட்டால் வண்டியில் உட்காரும்போது தொடையில் அழுத்தும். பெல்ட்டில் உறையோடு மாட்டினால்தான் சரி. பெல்ட் போடாத நாளில் வீட்டிலேயே கிடக்கும். வேட்டி கட்டுகிற நாளில் சொல்லவே வேண்டாம். என் தாத்தா பாக்குவெட்டியை மடியிலேயே வைத்திருந்தார் என்றால் அது மடியில் அடங்கியதால்தான்.

ஆபீசில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்கள், மாணவர்கள், வீட்டில் இருப்பவர்கள் கேட்டால் பிளேயரை மறந்துவிடுங்கள் என்பேன். 91 மில்லிமீட்டர் விக்டோரினாக்ஸ் சூப்பர் டிங்கர் வாங்குங்கள். பெரிய கத்தி, சின்னக் கத்தி, கத்திரிக்கோல், ஸ்டார் டிரைவர், இரண்டு மைனஸ் டிரைவர். எடை வேவில் பாதிகூட வராது. குக்கர் கைப்பிடி ஸ்க்ரூ, ரிமோட் மூடி, பால் பாக்கெட், கூரியர் பெட்டி, மருந்துச் சீட்டில் ஒரு மாத்திரையை மட்டும் வெட்டி எடுப்பது என்று வீட்டில் தினம் நடக்கிற எல்லாவற்றுக்கும் அது போதும்.

பிப்ரவரி 12

சூப்பர் டிங்கரில் ஒரு குறை உண்டு, அதையும் சொல்ல வேண்டும். ஸ்டார் டிரைவர் முதுகுப்பக்கம் நடுவில் இருக்கிறது. திறந்தால் கத்தி உடம்பு குறுக்காக, டிரைவர் கீழ்நோக்கி. பலமாகத் திருகலாம், ஆனால் குழிக்குள் இருக்கும் ஸ்க்ரூவை எட்டாது. மிக்ஸி அடிப்பாகம், சார்ஜர் பெட்டி, சில வகை பிளக் இவற்றில் கைப்பிடி முட்டிக்கொண்டு நிற்கும். சின்ன ஸ்டார் ஸ்க்ரூ என்றால் ஓப்பனர் முனையில் இருக்கும் 3 மில்லிமீட்டர் மைனஸ் அதில் பொருந்தும். அது நேராக நீளும், ஓரளவு குழியையும் சமாளிக்கும்.

அப்புறம், இந்தக் கத்திக்கு லாக் கிடையாது. குத்துவதற்கோ நுனியால் நெம்புவதற்கோ பயன்படுத்தினால் விரல் மேல் மடங்கும். டப்பா மூடியை நெம்ப மைனஸ் டிரைவர் இருக்கிறது.

மார்ச் 3

பைக்குக்கு உதவுமா என்ற கேள்வி மறுபடி மறுபடி வருகிறது. கிளட்ச் கேபிளின் முனையைப் பிடித்து இழுக்க, ஃப்யூஸ் பிடுங்க, டயரில் ஏறிய ஆணியை எடுக்க உதவும். நட்டு கழற்ற உதவாது. பத்தாம் நம்பர், பன்னிரண்டாம் நம்பர் நட்டை மல்டிடூல் பிளேயரால் கடித்தால் ஆறு மூலையும் மழுங்கிவிடும், அப்புறம் மெக்கானிக்கும் கைவிரிப்பார். ராக்கில் இறுகிய நட்டுக்கும் இதே பதில்தான், தம்பி. வண்டியோடு வந்த ஸ்பேனரை சீட்டுக்கு அடியிலேயே வை.

கிளட்ச் கேபிளையும் பிளேயரின் வெட்டு வாயால் நறுக்காதே. என் பழைய வேவின் வெட்டு வாயை வெளிச்சத்துக்கு எதிரே மூடிப் பிடித்தால் நடுவில் பிறை மாதிரி ஒரு ஓட்டை தெரியும். கேபிளைத் தாங்கிப் பிடிக்கும் எஃகுக் கம்பியை நறுக்கியதால் வந்தது. இப்போது மெல்லிய செம்பு வயர் அந்த ஓட்டையில் நழுவி, வெட்டுப்படாமல் மடங்குகிறது. பிளஸ் மாடலில் வெட்டு வாயை ஸ்க்ரூ கழற்றி மாற்றலாம். பழையதுக்கும் பிளஸுக்கும் இடையே பணம் கொடுக்கத் தகுந்த வித்தியாசம் எனக்கு இதுதான். பாதி விலைக்குப் பழைய வேவ் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் முதலில் இந்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்.

மார்ச் 10

போலீஸ் பிடிக்குமா? ஆயுத விதிகள் 2016 சொல்வது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளை. வீட்டு வேலை, விவசாயம், தொழில் இவற்றுக்காகச் செய்தவை அதில் வராது. வேவின் கத்தி 3 அங்குலம்கூட இல்லை. அதற்காகக் கூட்டத்தில் திறந்து காட்டலாம் என்று அர்த்தமில்லை. வாடிக்கையாளர் வீட்டுக்குள் நுழைந்ததும் சட்டென்று ஒரு கையால் கத்தியை விரித்தால் அந்த வீட்டு அம்மா இரண்டடி பின்னால் போவார். நான் வீடுகளுக்குள் கத்திரிக்கோலைத்தான் முதலில் எடுப்பேன்.

விமானத்தில் கைப்பைக்குள் கூடாது, செக்-இன் பெட்டியில் போட்டுவிட வேண்டும். கோயில், கோர்ட்டு, கலெக்டர் ஆபீஸ் வாசலில் எடுத்து வைக்கச் சொல்வார்கள். இங்கே மீனாட்சியம்மன் கோயில் பக்கம் வேலை இருக்கிற நாளில் உறையைக் கழற்றி வண்டிப் பெட்டியில் பூட்டிவிடுவேன்.

லண்டனில் இருக்கும் நண்பர் கேட்டதற்கு: அங்கே காரணம் சொல்லாமல் வைத்திருக்க 3 அங்குலத்துக்கு மேற்படாத, மடங்கும், லாக் ஆகாத கத்திக்குத்தான் அனுமதி. வேவ், ஸ்பிரிட், ஃப்ரீ எல்லாம் லாக் ஆகிறவை. வேலைக்குப் போகும்போது காரணம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவில் இல்லை. உங்களுக்குச் சூப்பர் டிங்கர்தான்.

ஏப்ரல் 7

மலிவு விலை சீன மல்டிடூல்களைப் பற்றி நான் எழுதவே இல்லை என்று ஒருவருக்குக் கோபம். நியாயம்தான். கான்சோ, நெக்ஸ்டூல், ராக்சன் மூன்றும் இப்போது நல்ல பெயர் எடுத்தவை. நெக்ஸ்டூல் ஒன்றை என்னோடு வேலை பார்க்கும் பையன் வைத்திருக்கிறான், அதன் கத்திரிக்கோல் என் வேவின் கத்திரிக்கோலைவிடப் பெரியது, கேட் 6-ஐ ஒரே வெட்டில் நறுக்குகிறது. சொந்தப் பெயரில் விற்கிற சீனக் கருவியை வாங்கு, பயமில்லை. லெதர்மேன் பெயரைப் போட்டுப் பாதி விலையில் விற்கிறதை வாங்காதே. ஆன்லைனில் நான் தருவித்த ஒன்றில் கம்பெனிப் பெயர் பளிச்சென்று இருந்தது, பிளேயரின் மூக்கு நுனி இரண்டும் சேரவே இல்லை. 25 வருட வாரன்டி என்று பெட்டியில் போட்டிருந்தாலும் போலிக்கு யார் தருவார்?

ஏப்ரல் 21

தம்பி முடிவு செய்துவிட்டான். ஃப்ரீ பி 2 வாங்க ஆசை, விலை கட்டுப்படியாகவில்லை. வேவ் பிளஸ்தான், கூடவே பிட் கிட், அதாவது மாற்றிச் செருகும் டிரைவர் முனைகளின் தொகுப்பு. சரியான முடிவு. டோம் கேமரா மூடிக்கு வரும், ஆறு முனை நட்சத்திரக் குழி உள்ள டார்க்ஸ் ஸ்க்ரூவுக்கு உண்டான எல் கீ பெட்டியிலேயே வரும், ஆனால் சர்வீஸுக்குப் போகிற நாளில் எந்த வீட்டிலும் அது இருக்காது. பிட் கிட்டில் டார்க்ஸ் இருக்கிறது. லெதர்மேன் பிட் தட்டையானது, கடைகளில் கிடைக்கும் அறுகோணக் கால் அங்குல பிட் நேராகச் செருகாது. அதற்கென்று இருக்கும் நீட்டிப்பை வாங்கினால் சாதா பிட்டும் போடலாம், குழிக்குள் இருக்கும் ஸ்க்ரூவையும் எட்டலாம். முதல் மாதச் சம்பளத்தில் இல்லாவிட்டாலும் அடுத்ததில் அதை வாங்கிவிடு.

ஏப்ரல் 28

வந்துவிட்டது என்று படம் போட்டிருக்கிறான். உறையில் மாட்டுவதற்கு முன் இதையெல்லாம் பார், தம்பி. பிளேயரை மூடி ஜன்னல் பக்கம் பிடி, நுனியில் வெளிச்சம் தெரியக் கூடாது. கத்தியைத் திறந்து லாக் ஆனதும் முதுகுப்பக்கத்தை மரக்கட்டையில் மெதுவாகத் தட்டு, லாக் நழுவக் கூடாது. இரண்டு கத்தியையும் பக்கவாட்டில் அசைத்துப் பார். கத்திரிக்கோலால் ஒரு ஒற்றை நூலை நறுக்கு, மடங்காமல் அறுபட வேண்டும். ஏதாவது சரியில்லை என்றால் பெட்டியையும் பில்லையும் வைத்துக்கொண்டு அன்றைக்கே திருப்பி அனுப்பு, ஒரு தடவை கூர் தீட்டிவிட்டால் கடைக்காரர் வாங்க மாட்டார். எல்லாம் சரியென்றால் கீல்களுக்கு எண்ணெய் விட்டு, வழிவதைத் துடைத்துவிட்டு, நாளைக்கே வேலைக்கு எடுத்துப் போ.